எக்ஸ்1, ஒய்1 எல்லாம் போன பிறகும் வெறும் எக்ஸ், ஒய் ஏன் மிச்சம் நிற்கிறது? பத்தாம் வகுப்பு நேர்க்கோட்டுச் சமன்பாடு

நீடாமங்கலம் உரக்கடைக்காரர் எழுதியது:

வணக்கம். நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மகள் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நானும் பத்தாம் வகுப்பு வரை படித்தவன்தான், ஆனால் பழைய பாடத்திட்டம். அதில் வட்டிக் கணக்கும் மூட்டைக் கணக்கும்தான் என்னோடு கடைசி வரை வந்தன. ஆயத்தொலை வடிவியல் வரவில்லை.

இரவு கடையைச் சாத்தும் நேரத்தில் மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து யூரியா மூட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறாள். கணக்கு இது: (−1, 2), (3, −4) என்ற இரண்டு புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு காண்க. சாய்வு −3/2 என்று அவளே கண்டுபிடித்தாள். அதை வைத்து

ஒய் − 2 = −3/2 (எக்ஸ் + 1)

என்று எழுதி, பெருக்கி, சுருக்கி, கடைசியில் 3 எக்ஸ் + 2 ஒய் − 1 = 0 என்று முடித்தாள். புத்தகத்தின் பின்பக்க விடையும் அதுதான். நான் சபாஷ் என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

"அப்பா, எக்ஸ்1, ஒய்1 இருந்த இடத்தில் எண் போட்டேன். எக்ஸ்2, ஒய்2 இருந்த இடத்திலும் போட்டேன். வெறும் எக்ஸும் ஒய்யும் மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது? ஒருங்கமைச் சமன்பாட்டுக் கணக்கு என்றால் எக்ஸ் இவ்வளவு, ஒய் இவ்வளவு என்று முடியும். இதில் விடை எங்கே?" என்று கேட்கிறாள். டியூஷனில் கேட்டாளாம். அது அப்படித்தான், எழுதிக்கொள் என்றார்களாம்.

இன்னொரு பஞ்சாயத்தும் இருக்கிறது. அதே கணக்கை இரண்டாவது புள்ளியிலிருந்து தொடங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். −3 எக்ஸ் − 2 ஒய் + 1 = 0 என்று வந்திருக்கிறது. டியூஷனில் சிவப்பு மையால் ஒரு பெரிய சுழி. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை.

புள்ளி–சாய்வு வடிவம், இரு புள்ளி வடிவம், சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம், வெட்டுத்துண்டு வடிவம் என்று புத்தகத்தில் நான்கு இருக்கின்றன. எந்தக் கணக்குக்கு எது என்று பள்ளி வேனில் போகும்போது மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த நேரத்தில் நான்கு என்ன, நாற்பதுகூட மனப்பாடம் செய்யலாம் என்பதும் தெரியும். ஆனால் அவளுக்குப் புரிந்து படிக்க வேண்டுமாம். யாராவது என் புத்திக்கு எட்டுகிற மாதிரி சொல்லுங்கள், நான் அவளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

---

சதம் அடிப்போம் எழுதியது:

ஒய் = எம் எக்ஸ் + சி. இந்த ஒன்று போதும். எம் என்றால் சாய்வு, சி என்றால் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். எல்லாக் கணக்கையும் இதிலேயே போட்டுவிடலாம். 5 மதிப்பெண் கேள்வி அது, ஏன் எதற்கு என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் வினாத்தாள் முடியாது. மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

உரக்கடைத் தம்பிக்கு வணக்கம். உங்கள் மகள் கேட்டதுதான் இந்தப் பாடத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி. அது அப்படித்தான் என்று சொல்லி அனுப்பியவர் யாராக இருந்தாலும் சரி, அவர் ஒரு நாள் எங்களோடு தூர்வாரும் வேலைக்கு வந்திருக்க வேண்டும்.

நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெண்ணாறு உங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது அல்லவா, அதற்குக் கீழே உள்ள வாய்க்கால்களில்தான் என் காலம் போனது. இந்தக் கணக்கை நான் பள்ளியில் படித்ததைவிட வாய்க்காலில் படித்ததுதான் அதிகம். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால் அதற்கு முன்னே தூர்வாரி முடிக்க வேண்டும். பொக்லைன் வந்து நிற்கும். ஓட்டுநருக்கு எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று யார் சொல்வது? கண்ணால் பார்த்து வெட்டினால் ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம் என்று ஆகும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், மேட்டில் முட்டும், கடைமடைக்காரன் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பான். அதனால் வாய்க்கால் தரை தலைப்பிலிருந்து, அதாவது தண்ணீர் உள்ளே நுழையும் இடத்திலிருந்து, கடைசி வரை ஒரே சரிவில் இறங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து வைத்திருப்போம்.

பக்கத்துப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு மட்டக்குறி வைத்து, அதன் உயரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கடல்மட்டத்திலிருந்து அது என்ன உயரமாகவும் இருக்கட்டும். அந்த வேலை முழுவதற்கும் அதுதான் அளவு. ஒரு வாய்க்காலில் தலைப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளித் தரையின் மட்டம் 98.90 இருக்க வேண்டும், 1000 மீட்டர் தள்ளி 98.50 இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்கு. முறை நிஜம்.

800 மீட்டர் நடந்தால் 0.40 மீட்டர் இறங்குகிறது. அதாவது 2000 மீட்டருக்கு ஒரு மீட்டர். இதை நாங்கள் இரண்டாயிரத்துக்கு ஒன்று என்போம். உங்கள் மகளின் புத்தகம் சாய்வு −1/2000 என்று சொல்லும். இறங்குவதால் கழித்தல் குறி. டெல்டா எவ்வளவு தட்டையான பூமி என்று இதிலேயே தெரியும். நடக்கிறவனுக்கு இந்தச் சரிவு காலில் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

இப்போது பொக்லைன் எங்கே நிற்கிறது? எனக்குத் தெரியாது. 340 மீட்டரில் நிற்கலாம், 725-இல் நிற்கலாம், ஓட்டுநர் டீ குடிக்கப் போன இடத்தில் நிற்கலாம். அது எங்கே நின்றாலும் சரியான மட்டம் என்ன என்று எனக்கு ஒரே வரியில் வேண்டும். அந்த இடத்தின் தூரத்தை வெறும் 'தூரம்' என்றும், மட்டத்தை வெறும் 'மட்டம்' என்றும் வைத்துக்கொள்கிறேன். அந்த இடத்துக்கும் 200 மீட்டர் புள்ளிக்கும் இடையே சரிவு எடுத்தாலும் அதே −1/2000 வர வேண்டும், ஏனென்றால் கோடு முழுக்க ஒரே சரிவு:

(மட்டம் − 98.90) / (தூரம் − 200) = −1/2000

இதைச் சுருக்கினால்

மட்டம் = 99 − தூரம்/2000

பாப்பா கேட்ட வெறும் எக்ஸ் இந்தத் 'தூரம்'தான். வெறும் ஒய் இந்த 'மட்டம்'தான். எக்ஸ்1, ஒய்1 என்பவை ஏற்கெனவே அளந்து முளை அடித்த இடங்கள். அவை எண்ணாகிவிட்டன. வெறும் எக்ஸ், ஒய் என்பது இனிமேல் போய் நிற்கப்போகும் இடம். அதற்கு இப்போதே எண் போட்டுவிட்டால் அந்த ஓரிடத்துக்கு மட்டும்தான் கணக்கு உதவும். ஒருங்கமைச் சமன்பாட்டில் இரண்டு கோடுகள் வெட்டும் ஒரே ஒரு இடத்தைத் தேடுகிறோம், அதனால் எண்ணில் முடிகிறது. இங்கே தேடுவது ஓர் இடத்தை அல்ல, கோடு முழுவதையும்.

எப்படிப் பயன்படுத்துவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் சமாச்சாரமே இருக்கிறது. மட்டக் கருவியை முக்காலியில் நிறுத்திக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, மட்டக்குறிமேல் ஸ்டாஃபை, அதாவது அளவுக்கோடு போட்ட நீளக் கம்பை, வைக்கச் சொல்லி வாசிப்போம். 1.25 என்று வருகிறது. ஆகவே கருவியின் பார்வை உயரம் 101.25. பிறகு லஸ்கர் (எங்கள் பிரிவின் களப் பணியாளர்) ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி 500 மீட்டரில் நிறுத்துகிறார். சரியாக வெட்டியிருந்தால் அங்கே மட்டம் 99 − 0.25, அதாவது 98.75 இருக்க வேண்டும். ஸ்டாஃபில் 2.50 தெரிய வேண்டும். 2.32 தெரிந்தால் மட்டம் 98.93. இன்னும் 18 சென்டிமீட்டர் சேறு கிடக்கிறது, பொக்லைனைத் திரும்பக் கூப்பிடு. 2.60 தெரிந்தால் 10 சென்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டிவிட்டான். தோண்டிய மண் கரைக்குப் போயிருந்தால் பரவாயில்லை, வேறெங்காவது போயிருந்தால் அது தனி விசாரணை.

சமன்பாட்டை உங்கள் புத்தக வடிவில் எழுதினாலும் இதே சோதனைதான்:

தூரம் + 2000 × மட்டம் − 198000 = 0

500-ஐயும் 98.75-ஐயும் போடுங்கள், பூச்சியம் வரும். 500-ஐயும் 98.93-ஐயும் போடுங்கள், 360 வரும். பூச்சியத்தைவிட அதிகம் என்றால் கோட்டுக்கு மேலே நிற்கிறோம், குறைவு என்றால் கீழே.

பாப்பாவின் கணக்குக்கு வாருங்கள். 3 எக்ஸ் + 2 ஒய் − 1 = 0. (1, −1) அந்தக் கோட்டில் இருக்கிறதா? 3 − 2 − 1 = 0. இருக்கிறது. (2, 3)? 6 + 6 − 1 = 11. இல்லை, மேலே நிற்கிறது. ஆதிப்புள்ளி (0, 0)? −1 வருகிறது, கீழே நிற்கிறது. தாளில் வரையாமலே உலகத்தில் உள்ள எந்தப் புள்ளியையும் கொண்டுவந்து நிறுத்தி, நீ கோட்டில் இருக்கிறாயா இல்லையா என்று கேட்கலாம். கேட்பதற்கு எக்ஸ், ஒய் என்ற இரண்டு காலி இடமும் வேண்டும்.

சதம் அடிப்போம் என்பவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஒய் = எம் எக்ஸ் + சி நல்ல வாய்பாடுதான். ஆனால் 450 மீட்டரில் ஒரு மதகு கட்டியிருக்கிறார்கள், அதன் சுவர் நிமிர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரின் சமன்பாட்டை அதில் எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம். தூரம் மாறவே இல்லை, மட்டம் மட்டும் மாறுகிறது. சாய்வு காணப் போனால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும். எம் கிடையாது. வெறுமனே தூரம் = 450 என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். தேர்வில் ஒய் அச்சுக்கு இணையான கோடு என்று கேட்டால் உங்கள் ஒற்றை வாய்பாடு கையை விரித்துவிடும்.

---

மன்னார்குடி கணக்கு டீச்சர் எழுதியது:

ஓவர்சியர் ஐயா என் வேலையில் பாதியை முடித்துவிட்டார். மீதியைச் சொல்கிறேன்.

அண்ணா, உங்கள் மகளின் இரண்டாவது விடையும் முழுக்கச் சரி. −3 எக்ஸ் − 2 ஒய் + 1 = 0 என்பதை இருபுறமும் −1 ஆல் பெருக்கினால் 3 எக்ஸ் + 2 ஒய் − 1 = 0. பூச்சியத்தை −1 ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தானே. முதல் சமன்பாட்டைப் பூச்சியமாக்கும் புள்ளிகள் எவையோ அவையேதான் இரண்டாவதையும் பூச்சியமாக்கும். கோடு ஒன்றுதான். முதல் உறுப்பு மிகை எண்ணாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதால் அப்படி எழுதுகிறோம், அவ்வளவுதான். அதற்காக ஒரு குழந்தையின் நோட்டில் சுழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐயா சொன்ன மேலே, கீழே மட்டும் குறி மாறியதும் இடம் மாறும். கோடு மாறாது.

நான்கு வடிவங்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஐயா வாய்க்காலில் எழுதினாரே, அந்தப் புள்ளிக்கும் தெரிந்த புள்ளிக்கும் இடையே சாய்வு இவ்வளவு என்று, அதுதான் புள்ளி–சாய்வு வடிவம். சாய்வு தெரியாமல் இரண்டாவது புள்ளி தெரிந்தால், சாய்வின் இடத்தில் (ஒய்2 − ஒய்1)/(எக்ஸ்2 − எக்ஸ்1) என்று போடுங்கள், இரு புள்ளி வடிவம். தெரிந்த புள்ளி ஒய் அச்சில் (0, சி) என்று இருந்தால் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம். ஐயாவின் 99 அந்த சி-தான், தலைப்பிலேயே இருக்க வேண்டிய மட்டம். இரண்டு அச்சுகளிலும் கோடு வெட்டும் இடம் தெரிந்தால் வெட்டுத்துண்டு வடிவம்.

இந்தக் கடைசி வடிவத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆதிப்புள்ளி வழியே போகும் கோட்டுக்கு அது வேலை செய்யாது, வெட்டுத்துண்டு பூச்சியமாகி வகுத்தல் நின்றுபோகும். "(5, 2) வழியே செல்வதும், வெட்டுத்துண்டுகள் சமமாகவும் எதிர்க்குறியுடனும் அமைவதுமான கோடு" என்று கேட்டால் எக்ஸ்/ஏ − ஒய்/ஏ = 1 என்று வைத்து, எக்ஸ் − ஒய் = ஏ, ஆகவே ஏ = 3, எக்ஸ் − ஒய் − 3 = 0 என்று முடிப்போம். என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், 2 எக்ஸ் − 5 ஒய் = 0 என்பதும் (5, 2) வழியே போகிறதே, அதன் வெட்டுத்துண்டுகள் இரண்டும் பூச்சியம், பூச்சியமும் மைனஸ் பூச்சியமும் சமம்தானே" என்றான். நானும் வெட்டுத்துண்டு பூச்சியம் இல்லை என்று கேள்வியில் சேர்த்துவிட்டேன். அவன் இப்போது திருச்சியில் பொறியியல் படிக்கிறான்.

மதிப்பெண் போகும் இடம் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை. குறிகளில்தான் போகிறது. இதே கணக்கில் 3 − (−1) என்பதை 3 − 1 என்று எழுதி, சாய்வு −6/2 = −3 என்று போடும் பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு ஒய் − 2 = −3 (எக்ஸ் + 1), அதாவது 3 எக்ஸ் + ஒய் + 1 = 0 என்று வரும். இதைக் கண்டுபிடிக்க ஐயாவின் சோதனையே போதும், ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். (−1, 2)-ஐப் போட்டுப் பார்த்தால் −3 + 2 + 1 = 0 என்று சரியாகவே வரும்! எந்தப் புள்ளியை வைத்துச் சமன்பாடு எழுதினோமோ அந்தப் புள்ளி, சாய்வு தப்பாக இருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். இன்னொரு புள்ளியைப் போட வேண்டும். (3, −4): 9 − 4 + 1 = 6. பூச்சியம் இல்லை. அகப்பட்டுக்கொண்டது. விடை எழுதிய பிறகு ஓரத்தில் பென்சிலால் இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

செங்குத்துக் கோடு கேட்டால் ஒரு குறுக்குவழி: எக்ஸ், ஒய் கெழுக்களை இடம் மாற்றி ஒன்றின் குறியை மாற்றிவிடுங்கள். 3 எக்ஸ் + 2 ஒய் − 1 = 0 கோட்டுக்குச் செங்குத்தாக (3, −4) வழியே போகும் கோடு 2 எக்ஸ் − 3 ஒய் + கே = 0. புள்ளியைப் போட்டால் 6 + 12 + கே = 0, கே = −18. இணைகோட்டுக்கு அதுவும் வேண்டாம், கடைசி எண் மட்டும்தான் மாறும்.

உங்கள் மகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். தெரிந்த எண்களுக்கு ஏ, பி, சி என்று அகரவரிசையின் முன்பக்க எழுத்துகளும், தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று பின்பக்க எழுத்துகளும் வைக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காரர் டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து வந்தது. ஏ எக்ஸ் + பி ஒய் + சி = 0 என்று பார்த்தால் எதற்கு எண் வர வேண்டும், எது காலியாக நிற்க வேண்டும் என்று அந்த எழுத்தே காட்டிவிடும்.

---

தலைஞாயிறு விவசாயி எழுதியது:

ஓவர்சியர் ஐயாவின் கோடு காகிதத்தில் மிக அழகு. எங்கள் ஊர்க் கடைமடைக்கு வந்து பாருங்கள். இரண்டாயிரத்துக்கு ஒன்றும் கிடையாது, மூவாயிரத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆகாயத்தாமரைக்குக் கீழே தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தலைமடையில் அளந்த இரண்டு புள்ளியை வைத்துக் கோட்டை எங்கள் வயல் வரை இழுத்துவிட்டால் தண்ணீர் வந்துவிடுமா?

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு புள்ளி கிடைத்ததும் கோடு போட்டுவிடும் பழக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் டீக்கடையில் மேட்டூர் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. 120 அடியில் 93.47 டி.எம்.சி., 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. என்று பத்திரிகையில் வரும். 20 அடிக்கு 28.47 குறைகிறது, அடிக்கு 1.42 என்று சாய்வு எடுத்து அப்படியே கீழே இழுத்தால் 54 அடிக்கு வரும்போது அணை காலி என்று வரும். நிஜத்தில் 54 அடியிலும் அணையில் தண்ணீர் நிற்கும், பத்திரிகை படிக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். டீச்சர் சொன்ன சோதனையைச் செய்தாலும் இரண்டு புள்ளியும் கச்சிதமாகப் பொருந்தும். சமன்பாட்டில் தப்பே இல்லை. ஆனாலும் பொய்.

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

தலைஞாயிறுக்காரர் சொல்வது நியாயம். பாப்பாவின் புத்தகத்தில் "நேர்க்கோட்டின் சமன்பாடு காண்க" என்று கேள்வியிலேயே நேர்க்கோடு என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியே வந்தால் அதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும்.

மேட்டூர் விஷயம் இப்படி. அணைக்குள் பள்ளத்தாக்கு மேலே போகப்போக விரிகிறது. 119-லிருந்து 120-க்கு ஏறும் ஒரு அடியில் கொள்ளும் தண்ணீர், 50-லிருந்து 51-க்கு ஏறும் ஒரு அடியில் கொள்ளாது. அதனால் இது கோடு அல்ல, வளைவு. அணையில் இதற்கென்று அட்டவணை வைத்திருப்பார்கள், இந்த அடிக்கு இவ்வளவு கொள்ளளவு என்று. அந்த அட்டவணையில் அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு மட்டம் வந்தால் நாமும் நேர்க்கோடுதான் போட்டுக்கொள்வோம். அவ்வளவு சிறிய துண்டில் வளைவும் கோடும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒட்டிக் கிடக்கும். 100-லிருந்து 54-க்கு இழுப்பதுதான் வம்பு.

வாய்க்காலிலும் தலையிலிருந்து கடைசி வரை ஒரே கோடு வராது. நடுவே ரெகுலேட்டர் (தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் கதவணை) இருக்கும், தரையைச் சட்டென்று இறக்கிக் கட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே சரிவே வேறாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சமன்பாடு, எங்கிருந்து எங்கு வரை செல்லும் என்ற எல்லையோடு. என் எடுத்துக்காட்டுக் கோடு 0-விலிருந்து 1000 மீட்டருக்குள் மட்டும்தான். உங்கள் வயல் அதில் இல்லை.

ஆகாயத்தாமரைக்கு என்னிடம் சமன்பாடு இல்லை.

---

நீடாமங்கலம் உரக்கடைக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மகள் வாய்க்கால் படம் வரைந்து 340 மீட்டருக்கும் 725 மீட்டருக்கும் மட்டம் போட்டுப் பார்த்தாள். 98.83, 98.6375 என்று வந்தது. சுழி வாங்கிய விடைக்குப் பக்கத்தில் "இருபுறமும் −1 ஆல் பெருக்குக" என்று எழுதி டியூஷனுக்கு எடுத்துப்போயிருக்கிறாள். மறுபடி சரிபார்த்து டிக் போட்டுத் தந்தார்களாம்.

ஓவர்சியர் ஐயாவுக்கு அவளிடமிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. 725 மீட்டரில் ஸ்டாஃபில் 98.6375 என்று மட்டத்தை எப்படி வாசிப்பீர்கள், அதற்கு அவ்வளவு சிறிய கோடு உண்டா, 98.64 என்று வந்தால் அந்த இடம் கோட்டில் இருக்கிறது என்பீர்களா, இல்லை என்பீர்களா என்கிறாள்.

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

எங்கள் ஸ்டாஃபில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. அதற்கு நடுவே வந்தால் கண் மதிப்புதான், 98.6375 எல்லாம் யாராலும் வாசிக்க முடியாது. மேலும் ஸ்டாஃபை ஊன்றுகிற லஸ்கர் கொஞ்சம் அழுத்தி ஊன்றினாலே சேற்றில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கிவிடும்.

98.64 என்பதைச் சமன்பாட்டில் போட்டால் 725 + 197280 − 198000 = 5. பூச்சியம் இல்லை. ஆகவே தேர்வில் கேட்டால் அந்தப் புள்ளி கோட்டில் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். வாய்க்காலில் அது கால் சென்டிமீட்டர் வித்தியாசம். அளவுப் புத்தகத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பொக்லைனை அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவேன்.